பெயர் எழுதினால் வீடு வந்துவிடுமா?

அருங்காட்சியகத்துக்கு வருபவரிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, ‘உங்கள் நினைவை எழுதுங்கள்’ என்று கேட்பது இப்போது பல நாடுகளில் பரவிவிட்ட வழக்கம். சுவர் நிறைய ஒட்டிய சீட்டுகளைக் காட்டி, ஊரையே ஒன்றுசேர்த்துவிட்டதாகச் சொல்கிறார்கள். இதனால் ஆவதென்ன என்று கேட்டால், ‘தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் உள்ள டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகத்தைப் பாருங்கள்’ என்று பதில் வருகிறது. பார்க்கலாம். அவர்கள் கூப்பிட்ட சாட்சி அவர்களுக்கு எதிராகவே பேசுகிறது.

அந்த இடத்தின் பெருமையை நான் மறுக்கவில்லை. 1966 பிப்ரவரி 11 அன்று வெள்ளையருக்கு மட்டும் என்று நிறவெறி அரசால் அறிவிக்கப்பட்டு, 60,000 பேருக்கு மேல் விரட்டப்பட்ட பகுதி அது. 1994 டிசம்பரில் பழைய மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்றில் திறந்த முதல் கண்காட்சி, கொஞ்ச நாள் மட்டும் நடப்பதாக இருந்தது. தரையில் விரித்த தெரு வரைபடத்தில், விரட்டப்பட்டவர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடிப் பெயர் எழுதினார்கள். கடலில் கொட்டியிருக்க வேண்டிய தெருப் பெயர்ப்பலகைகளை இடிப்பு வேலையில் இருந்த ஒருவர் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அவையும் அங்கே தொங்கின. ‘தொடாதீர்கள்’ என்று எழுதிவைத்துக் கண்ணாடிப் பெட்டியைக் காவல் காக்கும் அருங்காட்சியகத்தால் இது முடியாது.

ஆனால் அந்த வரைபடத்துக்கு வலு எங்கிருந்து வந்தது? காட்சி உத்தியிலிருந்து அல்ல. இடித்துப்போட்ட நிலத்தைப் புதிதாகக் கட்டியெழுப்பும் திட்டத்தை 1980களின் கடைசியில் எதிர்த்த ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் கை வைக்காதே’ இயக்கம் பெற்ற பிள்ளை இந்த அருங்காட்சியகம். கண்காட்சி திறந்த அதே 1994இல்தான், பறிபோன நிலத்தைத் திரும்பக் கேட்க வழிசெய்த நில மீட்புச் சட்டமும் வந்தது. அன்றைக்கு வரைபடத்தில் பெயர் எழுதியது நினைவு அஞ்சலி அல்ல. ‘இந்த மனை என்னுடையது, திருப்பிக் கொடு’ என்ற கோரிக்கை. நகலெடுப்பவர்கள் வரைபடத்தை எடுத்துக்கொண்டு கோரிக்கையை விட்டுவிடுகிறார்கள்.

மூலமான அருங்காட்சியகமே அந்தக் கோரிக்கையை எவ்வளவு காப்பாற்றியது? 2004இல் திரும்பி வந்த முதல் இருவர் வீட்டுச் சாவி பெற்றார்கள். அதற்குப் பிறகு ஆமை வேகம். நிலத்தின் ஒரு பெரும்பகுதியில் நிறவெறி ஆட்சிக் காலத்தில் கட்டிய கல்லூரி இன்று பல்கலைக்கழகமாக நிற்கிறது. இன்னொரு பகுதி புல்வெளியாகவே கிடந்தது. நிலம் கேட்டு விண்ணப்பித்த முதியவர்கள் காத்திருந்தே இறந்துபோனார்கள். அரசை நீதிமன்றத்துக்கு இழுத்தது, நிலம் கேட்டவர்களுக்காக இயங்கிய டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பணிக்குழு. மீள்குடியேற்றத் திட்டத்தைக் கொண்டுவரும்படி உத்தரவு பெற்றதும் அதே குழுதான். வழக்குத் தொடுத்தது அருங்காட்சியகம் அல்ல. இதற்கிடையில் அருங்காட்சியகத்தில் வந்தவர்கள் பெயர் எழுதும் நினைவுத் துணி நீண்டுகொண்டே போனது. சுற்றுலாப் பயணிகள் வந்து நெகிழ்ந்து போனார்கள்.

அருங்காட்சியகம் வழக்காட வேண்டுமா, அது அதன் வேலையா என்று கேட்கலாம். வழக்காட வேண்டாம். ஆனால் மக்களை இணைத்துவிட்டேன் என்று விருதுக்கும் நிதிக்கும் விண்ணப்பிக்கும்போது, இணைந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். ஒருவர் தன் இழப்பை எழுதித் தருகிறார். அதைப் படிக்கக் கடமைப்பட்டவர் யார், படித்தபின் செய்ய வேண்டியது என்ன என்பது சீட்டில் இருப்பதில்லை. இழந்தவரின் கண்ணீர் காட்சிப்பொருளாகிவிடுகிறது. இடித்தவரின் பெயர் எந்தப் பலகையிலும் பெரிய எழுத்தில் வருவதில்லை. எல்லோரும் மனம் லேசாகி வெளியே போகிறார்கள். இதில் அதிகம் பயனடைவது, பதில் சொல்ல வேண்டிய அரசு.

எழுதி வாங்கியதை வைத்து அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல முடியாத அருங்காட்சியகம், சீட்டை நீட்டாமல் இருப்பதே நேர்மை.