மழையில் நனையும் மா: முல்லைத் தேரும் நெடுநல்வாடைப் பாசறையும்

கார் தொடங்கியதும் தலைவனின் தேர் ஊர் நோக்கித் திரும்புவது முல்லைப் பாடல்களின் அடிப்படை நிகழ்ச்சி. இதனை இயற்கைப் புனைவு என்றோ பண்டைய வழிப்போக்குக்குச் சான்று என்றோ கொள்வது நம் வகுப்பறைகளிலும் ஆய்வேடுகளிலும் வழக்கமாகிவிட்டது. மழையில் ஓடும் குதிரைக்கு என்ன நேர்கிறது என்னும் எளிய வினாவை எழுப்பினால் இவ்வழக்கம் போதாமை புலப்படும்.

குறுங்குடி மருதனாரின் பாடலில் (அகம். 4) தேர்மணியின் நா கட்டப்படுகிறது, பூத்த சோலையில் துணையோடு தங்கிய வண்டுகள் அஞ்சக்கூடாது என்பது காரணம். இழுத்துப் பிடித்த வாரின் ஒலிக்கு யாழ்நரம்பு உவமையாகிறது. இத்துணை நுண்ணிய செவியுடைய புலவர் ஈரநிலத்தில் பதியும் குளம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒக்கூர் மாசாத்தியார் (அகம். 384) இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். தேரில் ஏறியது மட்டுமே தலைவனுக்குத் தெரியும், வழி தெரியவில்லை. காற்றைப் பூட்டினாயோ, உன் மனத்தையே குதிரையாக்கிப் பூட்டினாயோ எனப் பாகனை வினவுகிறான். விலங்கின் உடலே இங்கு மறைந்துவிடுகிறது.

முல்லைநிலம் செம்மண்ணும் நுண்மணலும் கலந்தது, நீர் தேங்காது, எனவே சேறு இல்லாமை இயல்பே என மறுக்கலாம். இம்மறுப்பை முற்றிலும் தள்ள இயலாது. ஆயினும் இப்பாடல்களில் சேற்றோடு குதிரையின் களைப்பும் சேர்ந்தே இல்லாமற் போகிறது. அதற்கு மண்ணின் இயல்பு விடையாகாது. தலைவன் குறித்துச் சென்ற பருவம் ஒரு வாக்கு. குதிரை சுமப்பது அந்த வாக்கை. அது தளர்ந்தால் தலைவியின் இருத்தலுக்கே பொருளில்லாமற் போகும். ஆகவே தளர்ச்சியைத் திணை அனுமதிப்பதில்லை.

நெய்தலில் நிலைமை தலைகீழ். நக்கீரனாரின் பாடலில் (அகம். 120) கழிச்சுறா தாக்கிய புண்பட்ட காலோடு தலைவனின் கோவேறு கழுதை ஓய்ந்து நிற்கிறது. அதன் துன்பம் தோழிக்கு வாதமாகப் பயன்படுகிறது: இரவில் செல்லாமல் இங்கே தங்கினால் என்ன குறை? விலங்கின் வலி திணைக்கு உதவும் இடத்தில் மட்டுமே பாட்டினுள் நுழைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முல்லைப்பாட்டில் நப்பூதனார் இதனைத் தொடரமைப்பாலேயே செய்துகாட்டுகிறார். பாட்டின் இறுதிச் சொல் குதிரையைக் குறிக்கும் ‘மா’. அதன் வினையாகிய ‘ஆலின’ என்பதோ பத்துக்கும் மேற்பட்ட அடிகளுக்கு முன்னரே வந்துவிடுகிறது. கனைப்பொலி தலைவியின் செவியை நிறைத்த பின்னரே காயாவும் கொன்றையும் தோன்றியும் பூத்த செந்நிலப் பெருவழியை நாம் கடக்கிறோம். குதிரை வந்து சேர்ந்தபின் வழி விரிகிறது. அவ்வழியில் இடையூறுக்கு இடமேது? நச்சினார்க்கினியர் இப்பாட்டின் அடிகளை முன்பின்னாக மாட்டிப் பொருள் கொண்டதையும், 1903இல் மறைமலையடிகள் தம் ஆராய்ச்சியுரையில் அதனை மறுத்ததையும் அறிவோம். இவ்விடத்திலேனும் அடிகளை இருந்தபடியே படிப்பதுதான் தகும்.

நெடுநல்வாடையின் இறுதிப் பகுதிக்கு வரும்போதுதான் நனைந்த குதிரையை உண்மையாகக் காண்கிறோம். நள்ளிரவு, வாடை வீசும் பாசறை. புண்பட்ட வீரரைக் காண அரசன் நடக்கிறான். மாலையணிந்த வெண்குடை அவன்மேல் தூவலை விழாது மறைக்கிறது. சேறுபட்ட தெருவில் நிற்கும் குதிரைகளுக்குக் குடையில்லை. சேணம் முதலிய பருமம் களையப்படாமல், மேலே விழும் துளிகளை அவை உடல் சிலிர்த்து உதறுகின்றன. போர் எந்நேரமும் மீளலாம் என்பதால் பருமம் இறக்கப்படவில்லை.

இங்கே ‘களை’ என்னும் வினை கவனத்திற்குரியது. அரண்மனையில் யானைத்தந்தக் கால்களையுடைய கட்டிலில் கிடக்கும் தலைவி கனத்த குழைகளைக் களைந்திருப்பதைச் சற்று முன்னர்தான் இதே வினையால் நக்கீரர் கூறினார். அவள் அணி களைந்தாள். குதிரைக்கு அணி களையப்படவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒருவனே. இத்தொடர்பை உரைகள் எடுத்துப் பேசாதது வியப்பே. எனினும் ஒரே வினை இரு முறை வருவது தற்செயலாகலாம் என்ற ஐயத்தையும் நான் மறைக்கவில்லை.

நெடுநல்வாடை அகமா புறமா என்னும் நெடுநாள் வழக்கில் வேலில் கட்டிய வேம்பே பெரிதும் சான்றாக நிறுத்தப்படுகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம் என்பதால் பாட்டைப் புறத்தில் சேர்த்தனர். அவ்வழக்கில் குதிரையையும் சாட்சியாக அழைக்க வேண்டும். திரும்பி வரும் முல்லைக் குதிரை நனைவதில்லை. இப்பாசறைக் குதிரை நனைகிறது, நடுங்குகிறது. அது எங்கும் புறப்படவில்லை.