குதிரைமுடியில் தொங்கும் வாள்

பேராபத்து நெருங்கும்போதெல்லாம் டமாக்கிளிஸின் வாளைச் சொல்கிறார்கள். என்னைக் கட்டிப்போடுவது அந்த வாள் அல்ல, அதைத் தாங்கும் ஒற்றைக் குதிரைமுடி.

கதை சிசிலித் தீவின் சிராக்கியூஸ் நகரில் நடப்பது. ரோமானியர் சிசரோ கி.மு. 45இல் எழுதிவைத்தார். மன்னன் டயோனீசியஸைப் போல இன்பமாக வாழ்ந்தவர் யாருமில்லை என்று துதிபாடினான் டமாக்கிளிஸ். “நீயும் ருசித்துப் பாரேன்” என்று அவனைப் பொன் மஞ்சத்தில் அமர்த்தினான் மன்னன். நறுமணத் தைலம், மாலை, விருந்து எல்லாம் வந்தன. தலைக்கு நேர்மேலே வாளும் இறங்கியது. அவன் கை உணவுக்கு நீளவில்லை. மாலைகள் தாமாக நழுவின. வாள் மட்டும் கடைசிவரை விழவேயில்லை; அங்கேதான் இருக்கிறது கதைசொல்லியின் மேதைமை.

இதே மன்னன் நாவிதர் கத்திக்கு அஞ்சி, மகள்களையே சவரம் செய்யப் பழக்கினானாம். அவர்கள் வளர்ந்ததும் அவர்கள் கையிலும் இரும்பைக் கொடுக்கப் பயந்து, சூடேற்றிய வால்நட் ஓடுகளால் தாடியைப் பொசுக்கச் சொன்னான் என்கிறார் சிசரோ. 38 ஆண்டுகள் அந்த வாளின் கீழ் உட்கார்ந்திருந்தவன் அவன்தான்!

1961இல் ஐ.நா. பொதுச்சபையில் அணு ஆயுதங்களைப் பற்றிப் பேசிய அமெரிக்க அதிபர் கென்னடி இந்த வாளையே எடுத்தாண்டார். விபத்தோ, தப்புக்கணக்கோ, பித்தோ அந்த இழையை எந்த நொடியும் அறுத்துவிடலாம் என்றார். அடுத்த ஆண்டே கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வந்து நின்றன.