லாக்டோமீட்டர் சொல்லும் பாடம்

லாக்டோமீட்டரைப் பாலில் மிதக்கவிட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அந்தக் கருவிக்குப் பாலும் தெரியாது, தண்ணீரும் தெரியாது. அடர்த்தி மட்டுமே தெரியும். தண்ணீர் ஊற்றிய பாலில் சர்க்கரையைக் கரைத்துவிட்டால் ஏமாந்துபோகும். உணவிலுள்ள ஆன்டிஆக்சிடன்ட்களை நிறம் மாறிக் காட்டும் சிறு உணரிகளை எடைபோடும்போதும் இது நினைவில் இருப்பது நல்லது.

அமெரிக்காவின் கிளார்க்சன் பல்கலைக்கழகத்தில் சில்வானா ஆண்ட்ரீஸ்குவின் குழு 2013-இல் அறிவித்த 'நானோசெராக்' தாளை எடுத்துக்கொள்வோம். வடிகட்டித் தாளில் சீரியம் ஆக்சைடு நானோதுகள்களைப் படியவைத்திருக்கிறார்கள். தேநீர்ச் சொட்டு பட்டதும் அதிலுள்ள பாலிஃபீனால்கள் என்னும் ஆன்டிஆக்சிடன்ட்கள் சீரியத்துக்கு எலக்ட்ரானைக் கொடுக்கின்றன. துகளின் மேற்பரப்பிலும் ஒட்டிக்கொள்கின்றன. வெளிறிய தாள் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, பழுப்பேறுகிறது. நிறம் எவ்வளவு அழுத்தமோ, எலக்ட்ரான் கொடுக்கும் திறன் அவ்வளவு.

இதன் அருமை பழைய முறைகளோடு ஒப்பிட்டால் விளங்கும். 1958-இல் பிளாய்ஸ் என்பவர் அறிமுகப்படுத்திய டிபிபிஎச் சோதனையில் ஊதாக் கரைசல் வெளுப்பதை 517 நானோமீட்டர் ஒளியில் அளக்கவேண்டும். 1996-இல் வந்த ஃபிரேப் சோதனைக்கு வினைப்பொருளை அன்றன்று கலக்கவேண்டும். இரண்டுக்கும் நிறமாலைமானியும் பழகிய கையும் தேவை. தாளிலோ வினைப்பொருள் ஏற்கெனவே இருக்கிறது. செல்போன் கேமராவே நிறத்தைப் படித்துவிடும். ஆய்வகமே இல்லாத ஊருக்கு இது பெரிய வசதி.

குறைகள் மூன்று அடுக்கில் இருக்கின்றன. முதலாவது, கண்ணுக்குத் தெரிவது: பீட்ரூட் சாறும் திராட்சைச் சாறும் தம் சொந்த நிறத்தையே தாளில் பூசிவிடும். இரண்டாவது, வேதியியல். ஒவ்வொரு சேர்மமும் தாளில் ஒவ்வொரு சாயலை எழுப்பும். கலவையில் எது எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. எண்ணெயில் கரையும் வைட்டமின் ஈ தேநீர்ச் சொட்டில் வந்து சேராது. பானம் கெடாமலிருக்கச் சேர்த்த அஸ்கார்பிக் அமிலமும் (வைட்டமின் சி) பழத்திலிருந்தே வந்ததும் தாளுக்கு ஒன்றுதான். பாலில் போட்ட சர்க்கரையின் கதை இங்கே திரும்புகிறது.

மூன்றாவதுதான் பெரியது: தாளில் நடப்பது உடம்பில் நடப்பதில்லை. ஆப்பிள் தின்றபின் ரத்தத்தின் ஆன்டிஆக்சிடன்ட் திறன் உயர்வதை ஆராய்ந்த ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர், பழத்தின் ஃபிரக்டோஸ் யூரிக் அமிலத்தைக் கூட்டியதே அதற்குக் காரணம் என்று கண்டார்கள். பின்லாந்தில் 29,133 புகைப்பவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. ஆன்டிஆக்சிடன்டான பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. உணவுகளின் ஆன்டிஆக்சிடன்ட் திறனைக் காட்டும் 'ஒராக்' எண்களின் பட்டியலை, அவை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுகின்றன என்று சொல்லி, அமெரிக்க வேளாண் துறையே 2012-இல் விலக்கிக்கொண்டது.

அதற்காகத் தாளைக் குப்பையில் போடவேண்டியதில்லை. ஒரே தேயிலையின் இரண்டு தொகுதிகள், மூடிவைத்த டப்பாவும் திறந்துவைத்த டப்பாவும், காலையில் பிழிந்த சாறும் மாலைவரை வைத்திருந்த சாறும் என ஒரே பொருளை அதனோடே ஒப்பிடும் இடத்தில் அது நல்ல வேலைக்காரன். தேநீரையும் மாதுளையையும் ஒரே வரிசையில் நிறுத்தி எது உடம்புக்கு நல்லது என்று கேட்டால், அடர்த்தி மட்டுமே தெரிந்த கருவியிடம் பாலின் ருசியைக் கேட்டதாகிவிடும்.