சிறு தோட்டமும் பெரிய வருஷமும்

பிரான்சு தேசத்தின் தென்மேற்கே, கரோன், தோர்தோஞ் என்னும் இரு நதிகள் ஒன்றுகூடி ஜிரோந்து என்ற பெயரோடு அட்லாண்டிக் சமுத்திரத்தை நாடிச் செல்கிற போர்தோ பிரதேசத்தில் விளையும் சிவப்பு ஒயினைப் பற்றி, அதை வாங்கிப் பழகியவர்களிடையே நெடுங்காலமாக ஒரு சூத்திரம் வழங்கி வருகிறது: பெரிய வருஷத்தில் சிறு தோட்டத்தை வாங்கு, சிறிய வருஷத்தில் பெரிய தோட்டத்தை வாங்கு. வீட்டில் இரவு உணவோடு அருந்துவதற்காக, கைக்கு அடங்கிய செலவில் ஒரு போர்தோ ஒயினைத் தேட முற்படுகிறவனுக்கு இந்தச் சூத்திரம் எவ்வளவு தூரம் துணைசெய்யும்? அதன் முற்பாதி இன்றும் பொருந்துகிறது என்பதும், பிற்பாதி காலாவதியாகி விட்டது என்பதும், முற்பாதியைக்கூடச் சில திருத்தங்களோடுதான் கைக்கொள்ள வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம்.

பெரிய தோட்டம் எது, சிறிய தோட்டம் எது என்று வகுத்தவர்கள் யார் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். 1855ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் மூன்றாம் நெப்போலியன் நடத்திய உலகக் கண்காட்சியை முன்னிட்டு, போர்தோ வர்த்தக சங்கம் கேட்டுக்கொண்டதற்கிணங்க, அந்நகரத்து ஒயின் தரகர்கள் ஏப்ரல் 18ஆம் தேதி ஒரு பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தார்கள். மெடோக் பகுதித் தோட்டங்களும், கிராவ் பகுதியிலிருந்து ஓப்ரியோன் ஒன்றும் அதில் ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. பிரிப்பதற்குப் பிரமாணமாக இருந்தது சந்தையில் ஒவ்வொரு தோட்டத்தின் ஒயினும் பெற்றுவந்த விலை; தரகர்கள் பட்டியலுக்கென்று கூடி ருசி பார்த்து எழுதியதல்ல அது. காந்தமெர்ல் என்னும் தோட்டத்தார் தங்கள் சரக்கை நேராக ஹாலந்து தேசத்து வணிகருக்கு விற்றுவந்தபடியால் போர்தோ தரகர்களின் ஏடுகளில் அதற்கு விலை காணப்படாமல், முதலில் விடுபட்டு, முறையிட்ட பின்பே ஐந்தாம் வகுப்பின் கடைசியில் சேர்க்கப்பட்டது என்ற ஒரு விஷயமே பட்டியலின் சுபாவத்தைப் புலப்படுத்தப் போதும்.

விலையை அடிப்படையாகக் கொண்டது என்பதற்காக அதை அடியோடு நிராகரிப்பதும் நியாயமல்ல. பல தலைமுறை வணிகர்கள் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு ஒப்புக்கொண்ட விலை, ஒருவகையில் ருசியைப் பற்றிய சாட்சியந்தான். 1787இல் போர்தோவுக்கு வந்த தாமஸ் ஜெபர்சன் தலைசிறந்தவை என்று குறித்துவைத்த நான்கு தோட்டங்களே 68 வருஷங்களுக்குப் பின் முதல் வகுப்பில் இடம்பெற்றன. ஆனால் அந்தஸ்து தோட்டத்தின் பெயருக்குத் தரப்பட்டதேயொழிய மண்ணுக்குத் தரப்படவில்லை. வகுப்புப் பெற்ற தோட்டம் தன் ஊர் எல்லைக்குள் புதிய நிலங்களை வாங்கிச் சேர்த்தால் அந்த நிலத்து ஒயினும் மறுநாள் முதல் உயர்குலத்தது ஆகிவிடுகிறது. அதே தோட்டம் விற்றுவிட்ட நிலத்து ஒயினோ சாமானியமாகிவிடுகிறது. சேன் ஜூலியன் ஊரில் ஆன்ரி மார்த்தேன் என்பவர் 1940களிலிருந்து வகுப்புப் பெற்ற தோட்டங்களிடம் துண்டுதுண்டாக நிலம் வாங்கி உருவாக்கிய குளோரியா என்னும் தோட்டத்துக்குப் பட்டியலில் இன்றுவரை ஸ்தானம் இல்லை. நிலமோ பட்டியலில் உள்ளவர்களுடையது! 1973இல் மூத்தோன் ரோத்ஷீல்ட் இரண்டாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு உயர்த்தப்பட்டதைத் தவிர, நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாக அந்த வரிசை ஏறத்தாழ அசையாமலே நிற்கிறது.

ஆகவே வீட்டுக்கு வாங்குகிறவன் தேட வேண்டிய பொருள், பட்டியலுக்கு வெளியே கிடக்கும் நல்ல மண். அது ஏராளமாக இருக்கிறது. தோர்தோஞ் நதியின் வலக்கரையில், சேன்-எமிலியோன் குன்றின் சுண்ணாம்புப் பாறை அவ்வூர் எல்லையோடு நின்றுவிடாமல் கிழக்கே காஸ்தியோன் வரையில் தொடர்ந்து ஓடுகிறது. 1453இல் ஆங்கிலேயர் தோற்று அக்கித்தேன் நாட்டை இழந்த யுத்தகளம் என்று சரித்திரத்தில் பெயர்பெற்ற அந்தக் காஸ்தியோன் இன்று போர்தோ முழுவதிலும் பணத்துக்கு நிறைவான பண்டம் தருகிற இடங்களில் தலையானது என்று நான் தயங்காமல் சொல்வேன். மெர்லோ திராட்சை அங்கே கொழுப்பாகவும் கனிவாகவும் வருகிறது. அடியில் இருக்கும் சுண்ணாம்பு அந்தக் கொழுப்புக்கு ஒரு முதுகெலும்பைக் கொடுக்கிறது. லிபூர்ன் நகரத்துக்கு மேற்கேயுள்ள பிரோன்சாக் குன்றுகளின் ஒயினுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் இருந்த கௌரவம் பிற்காலத்தில் மங்கிப்போயிற்றேயன்றி, மண் மங்கிப்போகவில்லை. ஜிரோந்தின் இடப்புறத்தில், மெடோக்கின் சரளைக்கல் மேடுகள் கபர்னே சோவிஞோன் திராட்சை பழுப்பதற்கு வேண்டிய உஷ்ணத்தைப் பகலில் வாங்கிவைத்துக்கொள்வதோடு மழைநீரையும் உடனே வடித்துவிடுகின்றன. அங்கே மூலீஸ் என்ற சிற்றூரில் சாஸ்-ஸ்பிளீன், பூஜோ என்ற இரு தோட்டங்களும், வடக்கே, 1969இல் ஷான் கோத்ரோ என்பவர் பாழடைந்த நிலையில் வாங்கிச் சீர்திருத்திய சோசியாந்தோ-மாலேயும், லேயோவில்-லாஸ்-காஸ் என்னும் வகுப்புப் பெற்ற தோட்டத்தின் குடும்பத்தாரே நடத்தும் போத்தன்சாக்கும், வகுப்பில்லாத பெயர்களில் எத்தகைய நேர்த்தி சாத்தியம் என்பதற்கு அத்தாட்சிகள்.

சிறு தோட்டத்து முறையின் குறைகளை இனி மறைக்காமல் சொல்லவேண்டும். பெரியவர்களைப் போலத் தாமும் ஆகவேண்டும் என்ற ஆசையே அவற்றில் முதன்மையானது. 1982ஆம் வருஷத்து ஒயினை முன்கூட்டியே புகழ்ந்து பிரசித்தியடைந்த அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடத் தொடங்கியபின், கரிய நிறமும் கனத்த சாறும் புதுப் பீப்பாயின் வாசனையும் உள்ள ஒயின்களே பரிசு பெறும் என்ற எண்ணம் பிரதேசம் முழுவதும் பரவிற்று. புதிய ஓக் பீப்பாய் ஒன்றின் கொள்ளளவு 225 லிட்டர். அதிலிருந்து கிடைப்பது 300 புட்டி. பீப்பாய்க்கோ பல நூறு யூரோக்கள் விலை. அந்தச் செலவைத் தாங்கத்தக்க பலமான சாறு பெரிய தோட்டத்தில் இருக்கலாம். எளிய தோட்டத்து மெல்லிய சாற்றின்மேல் அது ஏறும்போது பழத்தின் வாசனை அடங்கி, மரத்தின் வாசனையும், பாக்கு மென்றதுபோல் நாவைப் பற்றிக்கொள்ளும் துவர்ப்புமே மிஞ்சுகின்றன. வாங்குகிறவன் தனக்கு வேண்டாத மரத்துக்குப் பணம் கொடுக்கிறான்! தன் எல்லையை உணர்ந்து, சிமிந்துத் தொட்டியிலோ பழைய பீப்பாயிலோ வைத்துப் பழச்சுவையைப் பேணுகிற தோட்டக்காரனே இந்த விலையில் நமக்கு உண்மையான உபகாரி.

இரண்டாவது குறை, ஒரே ஊர்ப் பெயரின்கீழ் நல்லதும் மட்டமும் அடுத்தடுத்து நிற்பது. காஸ்தியோன் என்று அச்சிட்டிருந்தால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. தயாரிப்பாளர் பெயரை நினைவில் வைத்துக்கொண்டே ஆகவேண்டும். அப்படி நினைவில் வைத்துக்கொள்ளத்தக்க பெயரை ஊரெல்லாம் அறிந்துவிட்டாலோ விலை ஏறிவிடுகிறது. பூர்க் சரிவிலுள்ள ரோக் தெ காம்ப், அதன் உடைமையாளர் பிரான்சுவா மித்ஷவீலின் கைத்திறத்தால் உயர்ந்து, இன்று வகுப்புப் பெற்ற பல தோட்டங்களையே விலையில் தாண்டி நிற்கிறது. அந்த ஒயின் அதற்குத் தகுதியுடையதுதான். ஆனால் அது இனி நம் கட்டுரையின் விஷயமல்ல.

வருஷத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துப் பொருளாதார அறிஞர் ஆர்லி ஆஷன்பெல்டர், குளிர்கால மழை, திராட்சை வளரும் பருவத்து வெப்பம், அறுவடைக்கு முந்திய மழை ஆகிய அளவுகளை மட்டும் கொண்டு, முதிர்ந்த போர்தோவின் விலையைப் பெருமளவு முன்னறிந்துவிடலாம் என்று கணக்கிட்டுக் காட்டியபோது, நாவையே நம்பி வாழ்கிறவர்கள் கோபம் கொண்டார்கள். கணக்கின் சாரம் நிலைத்துவிட்டது. நல்ல வருஷம் சிறு தோட்டத்துக்கே அதிக நன்மை செய்கிறது என்பதும் மெய்தான்: பெரிய தோட்டம் மோசமான பழத்தைக் கழித்துத்தள்ளி நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளும்; சிறியவனுக்கோ வெயிலே துணை. 2013ஐப்போல் ஈரமும் குளிருமான வருஷத்தில் சிறு தோட்டத்து ஒயினை வாங்காதிருப்பதே விவேகம்.

எனினும் வருஷத்துக்குக் கொடுக்கும் பெயர் பிரதேசம் முழுமைக்கும் பொதுவானது. புட்டிக்குள் இருப்பதோ ஒரு தோட்டத்தின் கதை. 2017 ஏப்ரல் இறுதியில் விழுந்த உறைபனி பள்ளத்திலிருந்த தோட்டங்களின் தளிரைக் கருக்கியபோது, ஜிரோந்தின் அகன்ற நீர்ப்பரப்பை ஒட்டிய பொய்யாக், சேன் ஜூலியன் முதலிய ஊர்கள் பெரும்பாலும் தப்பிவிட்டன. மேலும், பூமி சூடேறிவரும் இக்காலத்தில், பெரிய வருஷம் என்ற புகழே வலக்கரையின் மெர்லோவுக்கு ஆபத்தாகி வருகிறது. 2018, 2022 போன்ற உஷ்ணமான வருஷங்களில் சாராயச் சத்து நூற்றுக்குப் பதினைந்தைத் தொடுகிற ஒயின்கள், முதல் கோப்பையில் இனித்து, உணவு முடியுமுன்னே சலிப்பூட்டுகின்றன. உணவோடு அருந்துகிறவன் 2016, 2019 போன்ற, வெயிலும் புத்துணர்ச்சியும் சேர்ந்து அமைந்த வருஷங்களைத் தேடுவது நல்லது. மற்றொரு விஷயம், எப்போது குடிக்கப்போகிறோம் என்பது. மகத்தான வருஷத்து மெடோக் பல வருஷம் நிலவறையில் கிடந்தால்தான் துவர்ப்பு தணிந்து வழிக்கு வரும்; நிலவறை இல்லாத வீட்டுக்கு, ஆரவாரமில்லாமல் விற்பனைக்கு வந்த 2014, 2017 போன்ற நடுத்தர வருஷங்களே முன்னதாகப் பக்குவம் அடைந்து உதவுகின்றன. சூத்திரத்தை இயற்றியவர்கள் பொறுமையும் நிலவறையும் உடைய குடும்பஸ்தர்கள்.

பிற்பாதி ஏன் பொய்த்தது என்பதைச் சுருங்கச் சொல்லலாம். சிறிய வருஷங்களில் பெரிய பெயர்கள் விலையைத் தாழ்த்திய காலம் போய்விட்டது. பெரிய தோட்டங்கள் தங்கள் முதன்மை ஒயினுக்கு அடுத்தபடியாக வேறு பெயரில் விற்பவையும், ஒரு காலத்தில் சிக்கனமாய்க் குடிக்கிறவர்களின் ரகசியமாயிருந்தவையுமான இரண்டாம் ஒயின்கள்கூட, லாத்தூரின் லே போர் தெ லாத்தூரைப்போல், தாமே ஆடம்பரப் பொருள்களாகிவிட்டன. வகுப்புப் பெற்ற நடுத்தரத் தோட்டங்களின் இரண்டாம் ஒயின்களில் மட்டும் இன்னும் நியாயம் மிஞ்சியிருக்கிறது. சேன் ஜூலியன் லக்ராஞ்சின் பியேப் தெ லக்ராஞ் அத்தகையது. அறுவடைக்கு அடுத்த வசந்தத்திலேயே பணம் கட்டி, ஏறக்குறைய இரண்டு வருஷம் காத்திருந்து புட்டியைப் பெறும் முன்விற்பனை முறை, சிறு தோட்டங்களைப் பொறுத்தமட்டில் பிரயோஜனமற்றது. அவற்றின் விலை ஏறப்போவதில்லை. நம் பணத்தை ஏன் முடக்க வேண்டும்?

முத்திரைச் சீட்டின் வாசகங்களுக்கும் மயங்கக் கூடாது. ‘போர்தோவின் மகா ஒயின்’ என்ற பொருள்படும் பிரெஞ்சு வாசகத்தை யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்கிறார்கள். சேன்-எமிலியோனில் ‘கிரான் குரு’ என்பது விளைநிலத்துக்கு உரிய பெயர் மட்டுமே. ‘கிளாசே’ என்ற சொல் சேர்ந்தால்தான் அது வகுப்பு. மெடோக்கின் குரு பூர்ஷுவா என்ற அடையாளம் 1932இல் 444 தோட்டங்களோடு தொடங்கி, வழக்குகளில் சிக்கி, ரத்தாகி, 2020இலிருந்து மூன்று தரங்களோடு மீண்டு வந்திருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ருசி பார்த்துப் புதுப்பிக்கப்படுவதால், 1855ஐக் காட்டிலும் வீட்டுக்காரனுக்கு அது நம்பகமான துணை.

கடைசியாக, மலிவைப் பற்றி. போர்தோவில் சாமானிய ஒயினின் தேவை இறங்கி, 2023இல் மிதமிஞ்சிய விளைச்சலைக் குறைக்கவும் கைவிடப்பட்ட தோட்டங்களிலிருந்து நோய் பரவாமல் தடுக்கவும், ஹெக்டேருக்கு 6,000 யூரோ உதவித்தொகை கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கவைக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. பேரங்காடித் தட்டில் மூன்று நான்கு யூரோவுக்கு நிற்கும் புட்டி அத்தகைய நெருக்கடியில் பிறந்தது. கொடியைக் கவாத்து செய்யவும் காய்ப்பைக் குறைக்கவும் கைப்பணமில்லாத குடியானவனின் பண்டம் அது, அதில் கவனத்தைத் தேடுவது வீண். பிரான்சில் பத்து யூரோவுக்கும் இருபத்தைந்து யூரோவுக்கும் இடைப்பட்ட விலையில்தான் உழைப்புக்குக் கூலியும் நாவுக்கு நிறைவும் ஒருங்கே கிடைக்கின்றன. அந்த எல்லைக்குள் ஒரு 2016 பிரோன்சாக்கையோ 2014 மூலீசையோ முதலில் ஒரு புட்டி மட்டும் வாங்கி, ஒரு மணி நேரம் முன்னதாகத் திறந்து கண்ணாடிக் குடுவையில் ஊற்றிவைத்து, ஆட்டிறைச்சியோடு அருந்திப் பார்த்து, பிடித்திருந்தால் அதே கடையில் அதே தோட்டத்துப் புட்டிகளை ஒரு டஜனாக வாங்கிவிட வேண்டும். சிறு தோட்டத்துச் சரக்கு குறைவு, அடுத்த மாதம் அது அங்கே இருக்கும் என்று எண்ணியிருக்க முடியாது.