தவில் கேட்ட காதுக்கு ஹெவி மெற்றல்

ஹெவி மெற்றல் யாழ்ப்பாணத்தில் வேர்விடாமல் போனதற்குச் சமயம், பண்பாடு என்று பெரிய காரணங்கள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த முதற் காரணம் கரண்ட். அம்பிளிஃபயர் இல்லாமல் இந்த இசையே இல்லை. நித்தி கனகரத்தினத்தின் பொப் பாட்டை ஒரு கிற்றாரோடு மரத்தடியில் இருந்தே பாடிவிடலாம். மெற்றலை அப்படிப் பாட ஏலாது. மெற்றாலிக்கா குழு தன் கறுப்பு அட்டை அல்பத்தை வெளியிட்ட 1991இல் குடாநாட்டில் மின்சாரம் இல்லை; பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வந்த கரண்டில் றேடியோ கேட்ட சனத்துக்கு கிற்றாரை உறுமவைக்கும் டிஸ்ரோர்ஷன் எங்கேயிருந்து வரும்?

கொழும்பில் வேறு கதை. ஸ்ரிக்மாற்றா என்ற குழு 2003இல் ‘ஹொலோ ட்ரீம்ஸ்’ அல்பத்தை வெளியிட்டது. கண்டியில் பரனோயிட் ஏர்த்லிங் குழு உருவானது. அந்த 2003இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்துதான் இருந்தது. 2006இல் மறுபடி மூடினார்கள்.

இன்றைக்கு எல்லாம் கைபேசியில் கிடக்கிறது. கேட்டுப் பழக்கத்தான் ஆள் இல்லை. அரை நிமிடம் கேட்டுவிட்டு “ஒரே இரைச்சல்” என்று மூடிவிடுகிறார்கள். அளவெட்டியிலோ இணுவிலிலோ திருவிழா இரவில் கூட்டு மேளத்துக்கு முன்னால் விடியும்வரை நின்றவர்கள் இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். நாலு தவில் சேர்ந்து சமா வைக்கும்போது சத்தம் காதால் வருவதில்லை, நெஞ்செலும்பால் வருகிறது. அதை ரசித்த காதுக்கு மெற்றல் கேட்பதற்கான பாதிப் பயிற்சி முடிந்துவிட்டது. மீதியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஒரு விரலிலிருந்து தொடங்குவோம். இங்கிலாந்தில் பேர்மிங்ஹாம் நகரத்துத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த பதினேழு வயதுப் பெடியன் ரோனி அயோமி. இயந்திரத்தில் அகப்பட்டு அவருடைய வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. அவர் இடக்கைக்காரர், கிற்றார் தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான். பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுக்கு உறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டி வாசித்தார். உறை போட்ட விரலுக்கு இறுக்கமான தந்தி சரிவரவில்லை. மெல்லிய தந்தி போட்டார், பிறகு சுருதியையும் இறக்கித் தந்தியைத் தளர்த்தினார். இன்றைக்கு உலகம் முழுக்க மெற்றல் கிற்றார்கள் கீழ்ச் சுருதியில் உறுமுவதற்கு அந்தக் காயமும் ஒரு காரணம். தவில்காரருக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருக்காது. வலந்தலையை அடிக்கும் விரல்களுக்குத் துணியும் பசையுமாய்ச் சுற்றிக் காயவைத்த கூட்டை மாட்டாமல் அவர் மேடைக்கு வருவதில்லை.

அயோமியின் குழுதான் பிளக் சபாத். அவர்களுடைய முதல் அல்பம் 1970 பெப்ரவரி 13இல் வந்தது. அதன் முதற் பாட்டுக்கும் குழுவின் பெயர்தான். முதலில் அதைக் கேளுங்கள். மழை, கோயில் மணி, பிறகு கிற்றாரில் மூன்றே சுரம்: கீழ் ஸட்ஜம், மேல் ஸட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்திமம். ஸட்ஜத்துக்கும் அந்த மத்திமத்துக்கும் இடையிலான தூரத்துக்குப் பழைய ஐரோப்பிய இசை ஆசிரியர்கள் சாத்தானின் பெயரை வைத்திருந்தார்கள். நாங்களோ அதே மத்திமத்தைக் கல்யாணியில் வைத்துக் கல்யாண வீட்டில் வாசிக்கிறோம்! பிறகேன் இங்கே பயமாய் இருக்கிறது? கல்யாணியில் அந்தச் சுரத்துக்குக் கீழே காந்தாரமும் மேலே பஞ்சமமும் துணைக்கு நிற்கும். அயோமி அதைத் தனியே விட்டு அசைக்கிறார். உங்கள் காது பஞ்சமத்தை எதிர்பார்க்கும், அது வராது. அந்த எதிர்பார்ப்பை உள்ளுக்குள் கவனித்துக்கொண்டே கேட்டால் பாட்டு பிடிபட்டுவிடும்.

மெற்றல் கிற்றாரில் அடிக்கடி வரும் சுரக்கூட்டில் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும்தான். காந்தாரத்தை வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். டிஸ்ரோர்ஷன் என்பது ஒலியலையின் உச்சியை வெட்டித் தட்டையாக்குவது. அப்படி வெட்டும்போது இல்லாத மேற்சுரங்களெல்லாம் கிளம்பும். காந்தாரமும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மோதிக் குழம்பிவிடும். ஸ–ப என்றால் ஒரே உடம்பாய் நிற்கும். சுருதிப்பெட்டியில் நீங்கள் கேட்டதும் இதைத்தான். இந்தச் சுருதிப்பெட்டி நகர்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொன்று, ஸட்ஜத்தை ஒட்டி நிற்கும் சுத்த ரிஷபம். மெற்றலின் கனம் பெரும்பாலும் அங்கே இருக்கிறது. அவர்கள் ஃபிரிஜியன் என்று சொல்லும் சுரவரிசை எங்கள் தோடியின் வரிசைதான். அதற்காகத் தோடி கேட்கப் போகிறோம் என்று உட்காராதீர்கள். கமகம் இல்லை, ஆலாபனை இல்லை. ஒரு சின்ன அடியைத் திரும்பத் திரும்ப அடிப்பார்கள். அதற்கு ரிஃப் என்று பெயர். இராகம் விரிகிறதா என்று பார்த்தால் ஏமாற்றம்தான். ரிஃப் எப்போது மாறுகிறது, மாறும்போது தாளம் என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும்.

தாளத்துக்கு வந்துவிட்டோம். எனக்கு இதில்தான் ருசி அதிகம். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் (1933–1975) தவில் ஒலிப்பதிவு ஒன்றைத் தேடி முதலில் கேளுங்கள். அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படமும் இருக்கிறது. கேட்கும்போது கையால் தாளம் போடுங்கள். அவர் கை ஐந்தும் ஏழுமாய் எங்கெங்கோ போய்விட்டு, நீங்கள் கைவிட்டுவிட்ட நேரம் பார்த்துச் சமத்தில் வந்து விழும். பிறகு சுவீடன் குழுவான மெஷூகாவின் 2008ஆம் ஆண்டு அல்பம் ‘ஒப்சென்’. அதில் ‘பிளீட்’ என்ற பாட்டு. கிற்றாரும் காலால் மிதிக்கும் பெரிய ட்ரம்மும் ஒரு கணக்கில் ஓடும். அதற்கு மேலே தகடு போலக் கிணுங்கும் சிம்பல் ஒன்று நாலு நாலாய் நேரே போகும். உங்கள் கைத்தாளத்தை அந்தச் சிம்பலோடு கட்டுங்கள், கிற்றாரை நம்பாதீர்கள். இந்த மாதிரிக் குழுக்களின் கணக்கு, உதாரணத்துக்கு, முப்பத்திரண்டு மாத்திரைக்குள் ஏழு மாத்திரை அடி ஒன்றை நாலு தரம் வைத்து மிச்ச நாலுக்கு அதை வெட்டி, மறுபடி எடுப்பில் சேர்வது. கோர்வை வைக்கத் தெரிந்தவருக்கு இது வீட்டுக் கணக்கு. மேற்கே இதைப் புரியவைக்கக் கட்டுரை கட்டுரையாய் எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் மேளம் பார்க்கப் போன கிழவருக்கு விரல் போதும்.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். வேகமாக அடிப்பதுதான் மெற்றல் என்று நினைப்பவர்கள் பிளக் சபாத்தைக் கேட்டதில்லை. கனம் வருவது பெரும்பாலும் காலத்தை இறக்கும்போது.

குரல்தான் பலரைத் துரத்தும். எல்லாரும் உறுமுவதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2007 மார்ச்சில் பெங்களூர் வரை வந்து பாடிய அயன் மெய்டனின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் உச்ச ஸ்தாயியில் தெளிவாகப் பாடுபவர். அந்தக் குழுவில் கிற்றார்களைக் கவனியுங்கள். சோடி நாதஸ்வரம் போல ஒன்றாய் ஓடும், ஆனால் ஒரே சுரத்தில் அல்ல. ஒன்றுக்கு மேல் ஒன்று மூன்றாம் சுரத்தில் ஏறி நிற்கும். கர்நாடக இசை கேட்ட காதுக்கு இது கொஞ்சம் உறுத்தும். உறுத்தட்டும்.

உறுமல் வேறு வித்தை. குரல்நாணுக்கு மேலே இருக்கும் மடிப்புகளை அதிரவைத்து எழுப்புவது. தெரியாமல் செய்தால் தொண்டை போய்விடும். சொல் விளங்கவில்லை என்று முதல் நாளே சண்டை பிடிக்காதீர்கள். அதை இன்னொரு தோற்கருவியாய் எண்ணிக் கேளுங்கள். இரண்டாம் முறை வரிகளை வாசித்துக்கொண்டு கேளுங்கள். தமிழர்கள் இதற்குப் பழகச் சுலபமான வாசல் சிங்கப்பூரின் ருத்ரா. 1992இல் தொடங்கிய குழு. கதிர் என்பவர் பேஸ் கிற்றார் வாசித்துக்கொண்டே உறுமுவார். வேதாந்தம்தான் அவர்களுடைய பொருள். உறுமலுக்கு நடுவே சமஸ்கிருதச் சுலோகமும் வரும். 2005இல் வந்த ‘பிரம்மவித்யா’ வரிசையின் முதல் அல்பத்திலிருந்து தொடங்கலாம். கோயிலில் ஐயர் சொல்லும் மந்திரத்துக்குப் பொருள் தெரியாமல் கைகூப்பி நின்று பழகிய எங்களுக்கு, விளங்காத சொல் ஒரு தடையே இல்லை.

கறுப்பு உடுப்பு, மண்டையோட்டுப் படம், தலையாட்டு எல்லாம் பார்த்து வீட்டில் பயப்படுவார்கள். ஆட்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நீட்டிக் காட்டுகிறார்களே, அது பேய்க்கு வணக்கம் என்று பலர் நம்புகிறார்கள். அதை மேடையில் பரப்பியவர் 1979இல் பிளக் சபாத்தில் சேர்ந்த ரொனி ஜேம்ஸ் டியோ. இத்தாலிய வம்சத்தவர். கண்ணூறு படாமல் இருக்கப் பாட்டி பிடித்த முத்திரை என்று அவரே சொல்லியிருக்கிறார். நாவூறு கழிக்கும் ஆச்சி இருக்கும் வீட்டில் இதை விளக்குவது கஷ்டமில்லை.

கடைசியாக ஒரு பாட்டு. மெற்றாலிக்காவின் ‘வன்’, 1988. போரில் கை, கால், கண், காது, பேச்சு எல்லாம் போய் உயிர் மட்டும் மிஞ்சிய சிப்பாய் ஒருவன் தனக்குள் பேசுவது. பாட்டில் அவனை அப்படி ஆக்கியது கண்ணிவெடி. முகமாலைப் பக்கம் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகளைத் தாண்டிப் பஸ்ஸில் போன எங்களுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. இசை மெல்லிய கிற்றாரில் தொடங்கும். பாதி தாண்டியதும் இரட்டைக் காலால் மிதிக்கும் ட்ரம் இயந்திரத் துப்பாக்கிபோல் வெடிக்கும், கிற்றாரும் அதே வெட்டில் சேரும். நான் கேட்டவற்றுள் சண்டையை அழகுபடுத்தாமல் சத்தமாக்கிய பாட்டு இது. கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் பாதி போய்விடும், நல்ல பெட்டி வேண்டும். ஆனால் அந்த இசைக்கும் முன்னால், பாட்டு தொடங்குவதே போர்க்கள ஒலியோடு. பங்கருக்குள் இருந்து ஷெல் எண்ணியவர்கள் பக்கத்து அறையில் இருந்தால், பெட்டியை விட்டுவிட்டு ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.