இலைப்பாவாடைக்கு வசனம் கிடையாது

தொண்ணூறுகளில் எங்க பக்கம் திருவிழான்னா கடைசி ராத்திரி டெக் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவாங்க. கள்ளக்குறிச்சியிலிருந்து டிவியும் டெக்கும் நாலு கேசட்டும் வந்து இறங்கும். முதலில் சாமி படம், அடுத்து எம்.ஜி.ஆர்., பிறகு ரஜினி. பெண்களும் பெரியவர்களும் தூங்கப் போன பிறகு, மூணு மணிவாக்கில், ஒரு இங்கிலீஷ் பயங்கரப் படம்.

அப்படி ஒரு ராத்திரி பார்த்த படத்தில் வெள்ளைக்காரர்கள் சிலர் காட்டுக்குள் போகிறார்கள். உடம்பெல்லாம் மண் பூசிய ஆட்கள் அவர்களைத் துரத்துகிறார்கள், பிடிக்கிறார்கள், தின்கிறார்கள். கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான்: "டேய், நம்ம மலையாளிங்கடா!" எல்லாரும் சிரித்தோம். அரசு விடுதியில் தங்கி எங்களோடு படித்த கல்வராயன்மலைப் பையன் ஒருத்தனும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு மட்டும் எனக்கு மறக்கவே இல்லை.

பல வருஷம் கழித்துத்தான் அது என்ன படம்னு பிடிபட்டது. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிவைத்து உடம்பெல்லாம் ஏதோ குழம்பு மாதிரி பூசி தெய்வமாக்கும் காட்சி ஒன்று ஞாபகத்தில் இருந்தது. அவர் உர்சுலா ஆண்ட்ரெஸ், முதல் ஜேம்ஸ் பாண்ட் படத்தின் நாயகி. படம் 'மவுன்டன் ஆஃப் த கேனிபல் காட்', 1978, இத்தாலிக்காரர் செர்ஜியோ மார்ட்டினோ இயக்கியது. கதை நடப்பது நியூகினியில். எடுத்தது எங்கே தெரியுமா? இலங்கையில். நாங்கள் எங்க ஊர் மலைக்காரர்கள் என்று நினைத்துச் சிரித்த அந்த நியூகினி நரமாமிசக்காரர்கள் சிங்களத் தீவில் கூலிக்கு ஓடிய ஆட்கள்.

இந்த வகைப் படங்களுக்கு 'எக்ஸ்ப்ளாய்டேஷன்' என்று பெயர். பணம் கொஞ்சம், நாள் கொஞ்சம். போஸ்டரும் தலைப்பும் முதலில் தயாராகும், கதை அதற்குப் பின்னால் ஓடிவரும். ரத்தம், நிர்வாணம், எங்கோ தூர தேசத்து மர்மம், இந்த மூன்றும் இருந்தால் போதும், விற்றுவிடலாம். நரமாமிச வரிசையைத் தொடங்கி வைத்தவர் உம்பெர்த்தோ லென்சி, 1972-ல் தாய்லாந்தில் எடுத்த படத்தோடு. அதே லென்சி 1980-ல் 'ஈட்டன் அலைவ்' என்று இன்னொன்று எடுக்க இலங்கைக்குப் போனார். கை கடித்ததோ என்னவோ, முந்தைய நரமாமிசப் படங்களிலிருந்து துண்டுகளை வெட்டி அதில் ஒட்டிவிட்டார். ஆக, தாய்லாந்துக்காரர் ஒரு ஷாட்டில் ஓடத் தொடங்குவார், அடுத்த ஷாட்டில் இலங்கைக்காரர் வந்து சேர்வார். பார்க்கிறவனுக்கு அது ஒரே இனம்.

இதை வெறும் சிக்கனம் என்று விட்டுவிட முடியவில்லை. இப்படி வெட்டி ஒட்டலாம், யாருக்கும் தெரியாது என்று ஒரு இயக்குநர் நம்பியதும், அந்த நம்பிக்கை பலித்ததும்தான் முக்கியம். திருவிழாப் பந்தலில் நாங்களும் அதைத்தானே செய்தோம்? ஓடிய ஆட்களைப் பார்த்து, தெரிந்த ஒரு பெயரை எடுத்து ஒட்டினோம்.

அந்தப் பெயரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். கல்வராயன்மலையில் இருக்கும் பழங்குடிகளுக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளாவுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்வார்கள். பேசுவது தமிழ். சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, சித்தேரி என்று பக்கத்து மலைகளிலும் இருக்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் வந்து மலையேறிய கதையை எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வந்த தன் தொகுதிகளில் பதிவு செய்திருக்கிறார். சாமையும் தினையும் விதைப்பார்கள், கடுக்காயும் புளியும் கீழே சந்தைக்கு வரும். சந்தையில் பக்கத்தில் நின்றால் யார் மலை, யார் நாடு என்று வெளியூர்க்காரர் சொல்லிவிட முடியாது.

சினிமாவுக்கு இதுதான் பெரிய தொல்லை. நிஜ மலைவாசி போதுமான அளவுக்கு வித்தியாசமாக இல்லை! அதனால் இலைப்பாவாடை கட்டவேண்டியிருக்கிறது, கரி பூசவேண்டியிருக்கிறது, எலும்பு மாலை போட்டு, எந்த மொழியிலும் சேராத ஒரு 'ஹூம்பா ஹூம்பா' சத்தத்தைக் கொடுக்கவேண்டியிருக்கிறது. வீட்டில் தமிழ் பேசுகிற மனிதனின் வாயிலிருந்து தமிழைப் பிடுங்கினால்தான் அவன் காட்டுவாசி ஆவான். நம்ம பழைய சாகசப் படங்களின் காட்டுவாசி நடனங்களை நினைத்துப் பாருங்கள், எத்தனை பேருக்கு ஒரு முழு வாக்கியம் இருந்தது? தலைவனின் மகளுக்கு மட்டும் ரெண்டு வரி கிடைக்கும், அதுவும் நாயகன்மேல் ஆசைப்படுவதற்காக.

இத்தாலிக்காரர்களை மட்டும் திட்டிவிட்டுப் போகவும் முடியாது. எழுபதுகளுக்கு ரொம்ப முன்னாலேயே நம்ம பக்கத்திலேயே ஒரு முன்னோடி இருக்கிறது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். டி.ஆர். சுந்தரத்தின் இந்த ஸ்டுடியோ ஏற்காடு சாலையில், சேர்வராயன் மலையடிவாரத்தில் இருந்தது. இன்றைக்கு அங்கே மிஞ்சியிருப்பது முகப்பு வளைவுதான். 1952-ல் அமெரிக்கக் கூட்டோடு அவர்கள் எடுத்த படம் 'த ஜங்கிள்', தமிழில் 'காடு'. இயக்கம் வில்லியம் பெர்க், ஹாலிவுட்டில் மலிவுப் படங்களை மளமளவென்று எடுத்துத் தள்ளியவர். நம்ம ஊர்க் காட்டுக்குள் ஹிமயுகத்து ரோம யானைகள் உயிரோடு திரிவதாகக் கதை. யானைகளுக்கு ரோமம் போர்த்தி நடக்கவிட்டிருக்கிறார்கள். பாவம், சேலத்து வெயிலில்.

இதில் இந்திய இளவரசியாக வருவது மேரி வின்ட்சர் என்ற வெள்ளை அமெரிக்க நடிகை. ராமா சிங்காக வருவது சீசர் ரொமேரோ, கியூபா வம்சாவளி. வேட்டைக்காரனாக ராட் கேமரன். எம்.என். நம்பியாரும் உண்டு என்பது நமக்கு ஆறுதல். ஸ்டுடியோவின் பின்னால் நிற்கிற மலையில் ஏறினால் நிஜ மலைவாசிகள் இருக்கிறார்கள், ஆனால் கதையின் 'இந்தியா' ஹாலிவுட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியது. சுந்தரம் மேல் எனக்கு மரியாதை உண்டு. சேலத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தக் காலத்தில் இப்படி ஒரு கூட்டு முயற்சி செய்வது சாதாரணமில்லை. ஆனாலும் படத்தில் கிராமத்துக்காரர்கள் மிதிபட மட்டுமே இருக்கிறார்கள். யானை வருகிறது, ஓடுகிறார்கள், அவ்வளவுதான்.

சரி, காசு இல்லாதவன் என்ன செய்வான், ஆராய்ச்சியா செய்வான் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அதே எழுபதுகளில், அதே மலிவுச் சந்தையில் கிடைக்கிறது.

1972-ல் அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் 'பிளாகுலா' எடுத்தது. கறுப்பு டிராகுலா, தலைப்பே விளங்குகிறது, அந்தக் கம்பெனியின் வழக்கமான மலிவு வியாபாரம். இயக்குநர் வில்லியம் கிரேன், கறுப்பர். நாயகன் வில்லியம் மார்ஷல், மேடையில் ஒதெல்லோவாக நடித்த, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல் கொண்டவர். முதலில் எழுதப்பட்ட பாத்திரம் அவருக்குப் பிடிக்கவில்லை, மாற்றச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். அதனால் வந்ததுதான் படத்தின் முதல் காட்சி. 1780. ஆப்பிரிக்க இளவரசன் மாமுவால்டே, அடிமை வியாபாரத்தை நிறுத்த உதவி கேட்டு டிராகுலாவின் கோட்டைக்கு வருகிறான். டிராகுலா அவனை அவமானப்படுத்துகிறான், கடிக்கிறான், தன் பெயரையே திரித்து 'பிளாகுலா' என்று பெயர் வைத்துப் பெட்டியில் பூட்டுகிறான். எஜமான் அடிமைக்குப் பெயர் வைப்பது மாதிரியே. அதற்குப் பிறகு படம் முழுக்க ரப்பர் பல்லும் சிவப்புச் சாயமும்தான். ஆனால் அந்த ஒரு காட்சி பார்த்தவனுக்கு, இந்த ரத்தக்காட்டேரி எங்கிருந்து வந்தான், யார் அவனை இப்படி ஆக்கினார்கள் என்பது கடைசிவரை மறக்காது.

படம் புனிதமானது என்று சொல்லவில்லை. சவப்பெட்டியை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுவரும் இரண்டு ஓரினச் சேர்க்கையாளர்களை அது நடத்தும் விதம் கேவலம். தன்னை இழிவுபடுத்தாதே என்று கேட்டு வாங்கிய அதே படம், அடுத்தவரை இழிவுபடுத்தத் தயங்கவில்லை. மறுநாள் பில் கன் என்பவரிடம் இதே மாதிரி கறுப்பு ரத்தக்காட்டேரிப் படம் கேட்டுப் பணம் கொடுத்தார்கள் என்று சொல்லலாம். 1973-ல் அவர் கொடுத்தது 'கஞ்சா அன்ட் ஹெஸ்', யாரும் எதிர்பார்க்காத ஒரு கனவு. விநியோகஸ்தர்கள் மிரண்டு, வெட்டிக் குதறி, வேறு தலைப்பில் விற்றார்கள்.

எனக்கு இந்த வரிசையில் ரொம்பப் பிடித்தது 1974-ன் 'ஷுகர் ஹில்'. இயக்கியவர் பால் மாஸ்லான்ஸ்கி, வெள்ளைக்காரர்தான். காதலனைக் கொன்ற ரவுடிக் கும்பலைப் பழிவாங்க ஒரு கறுப்புப் பெண் பிணங்களை எழுப்புகிறாள். எழுந்து வருவது யார்? ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரும்போது செத்துப் புதைந்த அடிமைகள், விலங்கோடு, சிலந்தி வலையோடு, வெள்ளி நிறக் கண்களோடு. ஒப்பனை சுமார்தான். ஆனால் கூட்டமாக நிற்கும் அந்தப் பிணங்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. வசனமே இல்லாவிட்டாலும், விலங்கு பேசுகிறது. மார்ட்டினோவின் படத்தில் ஓடுகிற அத்தனை பேரிடமும் இல்லாதது இதுதான். செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. யோசனையில்தான் வித்தியாசம்.

இப்போது எங்க ஊருக்குத் திரும்பி வருகிறேன். கல்வராயன்மலை மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. சுதந்திரம் வந்து இருபத்தொன்பது வருஷம் கழித்து, 1976-ல்தான் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. அதுவரை மலைமக்கள் ஜாகிர்தாருக்கு வெட்டி வேலை செய்தார்கள். இத்தாலிக்காரர்கள் கற்பனைக் காட்டுமிராண்டிகளைத் தேடி விமானம் ஏறிய அதே வருஷங்களில், நிஜத்தில் இங்கே நடந்துகொண்டிருந்தது இது.

பக்கத்து மலையில் இன்னொன்று. 1992 ஜூன் 20, சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் மலையாளிகளின் ஊருக்குள் புகுந்து செய்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர் மேல் குற்றச்சாட்டு, 2011-ல் தண்டனை, 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வெளியிலிருந்து வந்த நல்லவர்கள், உள்ளே காத்திருக்கும் கொடூரர்கள் என்ற அந்தப் படங்களின் கதையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கிறது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தபோது யூட்யூபில் என்ன வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? இருட்டு மலை, உடுக்கைச் சத்தம், 'மர்ம மலை' என்று சிவப்பு எழுத்து. மெத்தனால் மலையில் ஊறுவதில்லை. அது ஆலையில் தயாராகி லாரியில் வருகிற ரசாயனம். மலையில் சாராயம் காய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள், மறைக்கவேண்டாம். ஆனால் செத்தவர்களைக் கொன்றது டவுனுக்குள் வந்த டிரம். அதற்கு யாரும் உடுக்கை அடிக்கவில்லை. அந்த வீடியோக்களைப் பார்க்கும்போது, மூணு மணிப் படத்தின் வாடை அப்படியே அடித்தது.

நான் பார்க்க ஆசைப்படுகிற படம் ஒன்று இருக்கிறது. யாராவது மலைப் பையனோ பெண்ணோ எடுக்கவேண்டும், செல்போனில் எடுத்தாலும் சரி. 'ஷுகர் ஹில்' மாதிரி, ஜாகிர் காலத்தில் வெட்டி வேலையில் செத்தவர்கள் ஒரு ராத்திரி எழுந்து வருகிறார்கள். ஒப்பனைச் செலவே கிடையாது. சந்தைக்கு வரும் அதே வேட்டி, அதே துண்டு. கோமுகி அணையைத் தாண்டி, கச்சிராயபாளையம் வழியாக, தமிழில் பேசிக்கொண்டே கீழே இறங்குகிறார்கள். யார் வீட்டுக் கதவை முதலில் தட்டுவது என்பதில் அவர்களுக்குள் ஒரு சின்ன வாக்குவாதம்.