இரவல் யானை

1851ஆம் ஆண்டு லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சியை இளவரசர் அல்பேர்ட்டுக்காக வரைந்த ஓவியர்களுள் ஜோசப் நாஷ் ஒருவர். இந்தியப் பகுதியைக் காட்டும் அவரது ஓவியத்தில் அம்பாரி சுமந்த யானையொன்று கம்பீரமாக நிற்கிறது.

அம்பாரி, வங்காள நவாப் விக்டோரியா மகாராணிக்கு அனுப்பிய அன்பளிப்பு. யானையோ, எசெக்ஸ் நூதனசாலையொன்றில் இரவல் வாங்கிய, பாடம்செய்த ஆபிரிக்க யானை!

நாஷ் பொய் சொல்லவில்லை. கண்முன் நின்றதை நுணுக்கமாகவே வரைந்தார். ஆயினும், கிழக்கிந்தியக் கம்பனி சோடித்துவைத்த இந்தியாவே அதில் எஞ்சுகிறது.

‘உள்ளதை உள்ளபடி காட்டுகிறது’ என்று பல கதைகளை நானும் பாராட்டியிருக்கிறேன். அதை அங்கே கொண்டுவந்து வைத்தவர் யார் என்று கேளாத நேர்மை அரை நேர்மையே என்பதை இந்த யானைதான் எனக்குச் சொல்லித் தந்தது.